மச்சானும் சப்பைமூக்கு லாரியும்

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு கலங்கும், பிறகு வாய் உளறும். அந்த உளறலைக் கேட்டு ஊர் சிரிக்கும். தென்காசிக் கடைத்தெருவில் எனக்குத் தமாஷ் பேர்வழி என்று பெயர் கிடைத்தது இப்படித்தான். பாத்திரம் வாங்க வருகிறவர்கள்கூட, வாங்காமல் போனாலும் சிரித்துவிட்டுப் போவார்கள். நான் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்பது தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். என் மனைவியின் அண்ணன்.

மச்சான் யுத்தகாலத்தில் பர்மா எல்லையில் மிலிட்டரி லாரி ஓட்டியவர். திரும்பி வந்த பிறகும் பஸ், மர லாரி என்று எதையாவது ஓட்டிக்கொண்டே இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நமக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியும் மாப்ளே, கல்யாணத்துல ரிவர்ஸ் கிடையாதுலா" என்பார். எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடும் படுக்கையும்.

வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு அரிசி மில்லுக்குப் பின்னால் அந்த லாரியைக் கண்டுபிடித்தவர் அவர். யுத்தம் முடிந்ததும் யாரோ ஏலத்தில் எடுத்து, ஓட்டித் தீர்த்து, எருக்கஞ்செடிக்கு நடுவில் விட்டுவிட்டுப் போன மிலிட்டரி லாரி. முன்பக்கம் மூக்கே இல்லாமல் சப்பையாக, அறை வாங்கின முகம்போல இருந்தது. மச்சான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் பசியில் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

"இதே ரகத்துலதான்வே மூணு வருஷம் இருந்தேன்" என்றார். "இதுலயே தின்னு, இதுக்கு அடியிலயே தூங்கி."

இரண்டு ஜோடி மாடு கட்டி இழுத்து வந்தோம். யுத்தத்துக்குப் போன வண்டியை மாடு இழுத்துக்கொண்டு வருவதைப் பார்க்க வழிநெடுகக் கூட்டம். "எந்த ராஜாட்டத் தோத்துட்டு வாரீக அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டார். என் வீட்டுப் பின்புறம் பாத்திரம் அடுக்கிவைக்கிற தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அண்டாக்களை வெளியே தள்ளிவிட்டு லாரி உள்ளே போனது. என் மனைவி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அண்ணனோடு பேசினாள்.

வேலை தொடங்கி மூன்று மாதம் இருக்கும். கீழே கிடந்த ஸ்பானரை எடுக்கக் குனிந்த மச்சான், அதற்கு ஒரு சாண் தள்ளித் தரையைத் தடவினார். அந்த வாரமே அவர் ஓட்டின பஸ் ஒரு சுவரில் உரசியது. இரண்டு பேரும் மதுரைக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தோம். உள்ளே நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை வருஷம், அதற்குப் பிறகு இருட்டு என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது ரயில் சிவகாசி தாண்டியதும் மச்சான் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்.

"தங்கச்சிட்ட இப்பம் சொல்லாண்டாம். லாரிய முடிச்சிருவோம். ஒரே ஒரு தடவ நானே குத்தாலத்துக்கு ஓட்டிட்டுப் போயிட்டு வந்துருதேன். பெறவு போனாப் போவுது."

இடுப்பு வலி என்று சொல்லிப் பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டார். அதிலிருந்து அது பந்தயமாகிவிட்டது. ஒரு பக்கம் லாரி, இன்னொரு பக்கம் அவர் கண். கடையை மத்தியானமே அடைத்துவிட்டு நானும் கொட்டகைக்குள் புகுந்தேன். துருவை மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துச் சுரண்டினோம். எலி தின்ற வயரையெல்லாம் பிடுங்கிப் புதிதாகப் போட்டோம். ஓட்டை விழுந்த ரேடியேட்டரை என் கடைக்கு ஈயம் பூச வருகிறவரே பற்றவைத்துக் கொடுத்தார். மச்சானுக்கு நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கிறது என்பார். அந்தக் குழாய் மாதாமாதம் ஒடுங்கிக்கொண்டு வந்தது. வால்வைத் தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். "இப்பமே பழகிக்கிடுதேன்" என்பார். நான் சிரித்துவைப்பேன்.

ஐப்பசியில் எல்லாம் முடிந்தது. ஒன்றைத் தவிர. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் என்ற சின்னப் பித்தளைத் திருகு. சுண்டுவிரல் நகத்தளவுதான். பழசு அரித்துப்போயிருந்தது. மதுரைக் கடைக்கு எழுதிப் போட்டோம். பத்தாம் நாள் என் கடை விலாசத்துக்குப் பார்சல் வந்தது.

பிரித்துக் கையில் வைத்துப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இதைப் பூட்டினால் லாரி ஓடும். ஓடினால் மச்சான் ஓட்டுவார். குற்றாலத்துக்குப் போகிற வழியில் மேலகரத்துக்கு நடுவில் ரோட்டின் இரண்டு பக்கமும் ஆடு நிற்கும், மாடு நிற்கும், பள்ளிக்கூடம் விட்டிருக்கும். இவருக்கோ பக்கம் தெரியாது. முடியாது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரையே சிரிக்கவைக்கிற வாய்தான். நேரே வீட்டுக்குப் போய், ஜெட்டைக் காகிதத்தில் சுருட்டி, சமையலறையில் புளிப்பானைக்குள் ஒளித்துவைத்தேன். பத்து நாள் போகட்டும், தைரியம் வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

தைரியம் வரவில்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது. "மதுரைக்கு இன்னொரு கார்டு போடும்வே" என்று மச்சான் சொல்லச் சொல்ல எழுதுவேன். எழுதினவனும் நான், தபாலில் சேர்க்காமல் கல்லாப்பெட்டிக்கு அடியில் சேர்த்தவனும் நான். ஒருநாள் ரசத்துக்குப் புளி எடுத்த என் மனைவி, "இது என்னங்க, பானைக்குள்ள திருகாணி கெடக்கு?" என்றாள். "காஸ் லைட்டுத் திருகு, எலி தூக்கிட்டுப் போயிரும்னு போட்டேன்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பானைக்குள்ளேயே போட்டாள்.

தினமும் காலையில் மச்சான் கொட்டகைக்குப் போய் லாரிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். துடைத்ததையே துடைப்பார். தை முடியும்போது செம்புக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றினார். மனைவிக்குத் தெரிந்துபோயிற்று, அழுதாள். பங்குனியில் வெளிச்சம், இருட்டு என்ற வித்தியாசம் மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகுதான், இனி ஓட்ட முடியாது என்று எனக்கே உறுதியான பிறகுதான், மதுரைப் பார்சல் வந்துவிட்டதாகச் சொல்லி ஜெட்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். மச்சான் விரலால் உருட்டினார். மூக்குக்குக் கொண்டுபோனார்.

"மதுரக் கடையில இப்பம் புளியும் விக்கானாவே?"

ஏதாவது தமாஷ் செய்திருக்க வேண்டும். வாய் உளறக்கூட இல்லை.

"எத்தன நாளாச்சு?"

"அஞ்சு மாசம் மச்சான்."

"பளபளன்னு இருக்குமே."

இருந்தது. பித்தளையைப் புளியில் போட்டால் என்ன ஆகும் என்பது தெரியாத ஒரே பாத்திரக்கடைக்காரன் நான்தான். அவர் ஜெட்டை வேட்டியில் துடைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீரு பயந்ததுல தப்பு இல்ல. நானும் யாரையாவது ஏத்திக் கொன்னுருப்பேன். ஆனா என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு அஞ்சு மாசமும் இந்தச் சப்ப மூஞ்சியையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். இல்லன்னு தெரிஞ்சிருந்தா வேற எதையாவது போய்ப் பாத்து வச்சிருப்பேன்."

பிறகு, "அந்த ஸ்க்ரூ டிரைவர எடும்" என்றார். அவரே தடவித் தடவி ஜெட்டைப் பூட்டினார். முன்னால் கைப்பிடியைப் போட்டு நான் சுழற்றினேன். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. மச்சான் எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "கொள்ளாம், நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

லாரி ஓட்ட எனக்கு அவரேதான் கற்றுக்கொடுத்தார். பின்புறத்திலிருந்து தெருமுனை வரை, தெருமுனையிலிருந்து பின்புறம் வரை. கண்ணை மூடியபடி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எஞ்சின் அழுவுது, கியரக் கொறையும்வே. நீரு அழாண்டாம்" என்பார். லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசரை நான் கிட்டத்தட்ட ஒரு சாக்கடையில் இறக்கினேன். இரண்டாவது தடவை கொடுத்துவிட்டார்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் ஒரு காலையில் இரண்டு பேரும் குற்றாலத்துக்குக் கிளம்பினோம். மேலகரத்தில் ஆடும் இல்லை, மாடும் இல்லை. ஒரு பாட்டையா மட்டும் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து பல் குச்சியோடு எங்களைப் பார்த்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. மச்சான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு வந்தார். தூறல் நின்றுவிட்டது. வளைவு தாண்டியதும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"இங்கன இருந்து மல தெரியணுமே. அருவி விழுதா?"

வெயில் லேசாக அடித்தது. மலை மரம் மரமாகத் தெரிந்தது. அருவி வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் தெரியல மச்சான்" என்றேன். "ஒரே மேகம். மூடிக் கெடக்கு."

"அப்பம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்" என்று சிரித்தார்.

நான் கியரைக் குறைத்தேன். எஞ்சின் அழவில்லை.