பாட்டு நின்ற இடத்தில் அப்பா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் திருப்பூரில் பி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் சேவூர்ப் பக்கம். அப்பா அங்கே ஒரு விசைத்தறிக் கூடத்தில் கூலிக்குத் தறி ஓட்டினார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் என்ன, பத்தாவதைப் பார்த்த முதல் ஆளே நான்தான்.

வருடக்கணக்கான தறிச் சத்தத்தில் அப்பாவுக்குக் காது அநேகமாகப் போயிருந்தது. அதனால் எல்லாரிடமும் கத்தித்தான் பேசுவார். தறிக்கூடத்தில் பேச்செல்லாம் கைஜாடைதான். ஓனர் இரண்டு விரலை நீட்டி வாசல் பக்கம் ஆட்டினால், 'இன்னிக்கு உனக்கு வேலை இல்லை, ஊட்டுக்குப் போ' என்று அர்த்தம். அதை வாங்கிக்கொண்டு வந்த நாளில் அப்பா சரியாகச் சாப்பிட மாட்டார்.

காலேஜ் மலரில் அப்பாவைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். தறியில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுகிறது. அப்பா தறியை நிறுத்துகிறார். விரல்கள் அந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகின்றன. தறி மறுபடி ஓடுகிறது. அவ்வளவுதான் கவிதை. கோயம்புத்தூரில், புதுக்கவிதைகளுக்கு மெட்டமைத்து மேடையில் பாடவைக்கிற இசையமைப்பாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டு என்னைத் தேடி வந்தார். "மெட்டுப் போடறதுக்கு முன்னாடி அந்தத் தறியைப் பாக்கணுங்க தம்பி" என்றார்.

கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததுமே அவர் காதைப் பொத்திக்கொண்டார். அப்பா சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துத் தறிச் சட்டத்தின் மேல் வைத்தார். "கையை வெச்சுப் பாருங்க. இழை அந்துச்சுன்னா கையே சொல்லிப்போடும்" என்று அவர் காதருகில் கத்தினார். அவர் வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

கச்சேரி திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். பாட்டு தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தெரியாது. வார்த்தைகள் எப்படியும் காதில் விழாது. முடிந்ததும் நானே கைஜாடையில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். முன்வரிசையில் உட்காரவைத்தேன். பலகை மேடை. அதன் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

மிருதங்கமும் தபேலாவும் தறி ஓடுகிற மாதிரியே ஓடின. அப்பாவின் தலை மெல்ல ஆடியது. அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இழை அறுகிற வரி வந்தது. எங்களுக்கு முதுகு காட்டி நின்ற இசையமைப்பாளர் கையை உயர்த்தினார். எல்லாம் சட்டென்று நின்றது. அந்த மௌனத்தையும் சேர்த்துத்தான் அவர் மெட்டமைத்திருந்தார்.

அப்பா துள்ளி எழுந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, மண்டபமே அதிரக் கத்தினார். "இழை அந்துருச்சு கண்ணு, இழை அந்துருச்சு."

சபை சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "பெரியவரே, இது தறிக்கூடம் இல்லீங்க" என்றார். மறுபடியும் சிரிப்பு. என்னோடு படித்தவர்கள், பேராசிரியர்கள் எல்லாரும் இருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. இரண்டு விரலை நீட்டி வாசல் பக்கம் ஆட்டினேன்.

அப்பா என் கையைப் பார்த்தார். மேடையிலிருந்து உள்ளங்கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். குனிந்தபடி வெளியே போனார். அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் பாட்டு மறுபடி தொடங்கியது.

முடிந்ததும் இசையமைப்பாளர் ஓடிவந்தார். "அப்பா எங்கீங்க? மேடைக்குக் கூப்பிடலாம்னு இருந்தேன். நான் எதுக்கு நிறுத்துனேன்னு இத்தனை பேர்ல அவருக்குத்தான் தெரிஞ்சுது."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாருங்க" என்றேன்.

மறுநாள் காலையில் அப்பா பல் விளக்கிக்கொண்டே கேட்டார். வழக்கமான சத்தம் இல்லை, தணிந்த குரல். "அப்பறம் இழையை முடிஞ்சாங்களா?"

தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்தப் பாட்டின் பின்பாதி முழுவதும் அவருடைய விரல்களைப் பற்றியதுதான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

சில மாதம் கழித்து இசையமைப்பாளர் அன்றைய கச்சேரியின் கேசட்டை அனுப்பினார். டேப் ரிக்கார்டர் இரவல் வாங்கி வந்து அப்பா முன்னால் வைத்தேன். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவ்வளவு சின்னப் பெட்டியில் என்ன அதிர்வு இருக்கும்? "ஒண்ணும் ஓடலையே கண்ணு" என்றார். என் மனசு நோகக் கூடாது என்றோ என்னவோ, இன்னும் கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் இருமல் முற்றிப் போய்ச்சேர்ந்தார். பஞ்சுத் தூசி என்றார் டாக்டர். இப்போது நான் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறேன். கவிதை எழுதுவதில்லை.

அந்தக் கேசட்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நினைத்திருந்தால் இசையமைப்பாளர் அந்த இடத்தை வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. பாட்டு நிற்கிறது, அப்பா கத்துகிறார், சிரிப்பு எழுகிறது. எங்களிடம் இருக்கிற அப்பாவின் குரல் அது ஒன்றுதான். அதைக் கேட்டு முடித்ததும் பாட்டை அங்கேயே நிறுத்திவிடுகிறேன். அப்பா இருந்து கேட்காத மீதியைக் கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.