நூறு ரூபாய் எடுத்தால் வரும் குரல்

செண்பகனூர்ச் சாலையோரத்தில் கம்பளித் தொப்பி விற்கும் ரஹ்மத்துன்னிசா ஏ.டி.எம்.மில் மொத்தமாகப் பணம் எடுப்பதில்லை. நூறு நூறாகத்தான் எடுப்பாள். கணக்கு அவளுக்கும் கணவன் சஜ்ஜாத்துக்கும் பொது. வங்கியில் பதிந்திருப்பது அவனுடைய செல் எண். அவள் எடுத்ததும் ரியாத்தில் லாரி ஓட்டும் அவனுக்குக் குறுஞ்செய்தி போகும். எடுத்தது அவள்தானா என்று கேட்க உடனே கூப்பிடுவான். மற்றபடி வெள்ளிக்கிழமை மட்டும்தான் அந்தக் குரல்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் இயந்திரம் உறுமியதோடு சரி, நோட்டு வரவில்லை. கணக்கில் கழிந்துவிட்டது. வங்கியில் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சஜ்ஜாத் போனில் நெடுநேரம் விளக்கினான். போன நூறு ரூபாய்க்காக அவள் வருந்தவே இல்லை.

வங்கியில் வேலை பார்க்கும் தமிழ்மதி விவரம் சொன்னாள். உள்ளே உருளைகள் நோட்டை ஒவ்வொன்றாக உரித்தெடுக்குமாம், தடிமனையும் பார்க்குமாம். ஈரத்தில் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் வெளியே விடாமல் வேறு பெட்டியில் தள்ளிவிடுமாம். சில நேரம் அத்தோடு நின்றும்விடும். பெட்டியைத் திறந்து சரிபார்த்ததும் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும்.

"நூறு நூறா எடுத்து மெஷின் பல்லையே தேச்சுப்புட்டீங்கக்கா," என்றாள் தமிழ்மதி. "உங்க நம்பரைப் பதிஞ்சுக்கங்க. அண்ணனை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

அப்புறம் பார்க்கலாம் என்று ரஹ்மத்துன்னிசா நழுவிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை சஜ்ஜாத்தின் குரல் கம்மியிருந்தது. இரவெல்லாம் வண்டி, பகலில்தான் தூக்கம். முந்தின நாள் ஓட்டும்போது கண் அசந்துவிட்டதாம். மணலில் இறங்கிய பிறகுதான் விழித்தானாம். சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவள் பணம் எடுப்பதெல்லாம் காலையில், கடை திறக்கும் முன்பு. அவன் படுக்கும் நேரம். திங்கட்கிழமை வெள்ளனே வங்கி வாசலில் போய் நின்று, எண்ணை மாற்றிக்கொடுத்தாள்.

அடுத்த வாரம், பணம் திரும்பி வந்த செய்தி அவள் செல்லுக்கே வந்தது. படித்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு முறை நூறு எடுத்தாள். செல் டிங் என்றது, அவ்வளவுதான்.

புதன்கிழமை மத்தியானம் சஜ்ஜாத் கூப்பிட்டான்.

"காசே எடுக்கலையா ரஹ்மத்து? செலவுக்கு என்ன பண்றே?"

"எடுத்தேன் மச்சான். மெசேஜ் இப்ப எனக்கு வருது. நீங்க தூங்கட்டும்னுதான் மாத்துனேன்."



"நீ காசெடுத்து என்னைக் கூப்பிட வைப்பேன்னு முழிச்சே கெடக்கேன்," என்றான். "தூக்கம் வரல."