வழுக்கிய விரல்

“உன் குடும்பத்துல பள்ளிக்கூடத்தைப் பார்த்ததே நீதான். குவார்டெட்ல நாலு பேர்ல ஒருத்தியா சேர்ந்து வாசிக்க உனக்கு வருமாம்மா?”

துபாயில் மேற்கத்திய வயலின் கற்பிக்கும் சார் எல்லார் முன்னாலும் கேட்டார். கர்நாடக இசையில் பழகிய என் விரல் சுரத்துக்குச் சுரம் வழுக்கும். “இங்கே கமகம் மாஃபி, கிடையாது!” என்று அரபு கலந்து அவர் சொல்ல, வகுப்பே சிரித்தது. குவார்டெட்டில் என்னைச் சேர்க்க மறுத்தார்.

பழிவாங்கக் காத்திருந்தேன். ஒருநாள் வகுப்பில் பழைய இசைத்தட்டின் வயலின் பதிவொன்றை ஒலிக்கவிட்டேன்.

“யாரு, உன் ஊர்க்காரியா? இந்த வழுக்கு வழுக்குறா!”

“நூறு வருஷம் முன்னால லண்டன்ல சொந்தமா குவார்டெட் நடத்தின இங்கிலீஷ்காரி, சார். அப்போ அங்கேயும் இப்படித்தான் வாசிச்சாங்க.”

வகுப்பு இந்த முறை அவரைப் பார்த்துச் சிரித்தது. மன்னிப்பது பெருந்தன்மை என்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்புதான் இனித்தது. ஆனாலும் போதவில்லை. துபாயின் சத்வா பகுதியில் அறை பிடித்து, மூன்று பெண்களோடு குவார்டெட் ஒத்திகை தொடங்கிவிட்டேன். முதல் வயலின் நான்.