எட்டு மணிக்கு எல்லாம் சரி

என் மேசையில் ஒரு பழைய வாக்கிடாக்கி இருக்கிறது. ஏரியலின் அடியில் விரிசல் விட்டதால் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறேன். தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் நான் எழுத்தர். வெளிக்கடலில் நங்கூரமிட்டிருக்கும் எங்கள் கப்பல்கள் காலை எட்டு மணிக்கு இதில்தான் நிலவரம் சொல்லும். முன்பு ஒரு வியாபார மந்தகாலத்தில், ஏழு மாதம் நாள் தவறாமல் இதில் ஒரே குரல் வந்தது. "எல்லாம் சரியா இருக்கு, ஓவர்." நானும் நாள் தவறாமல் பதிவேட்டில் எழுதினேன்: எல்லாம் நலம். அந்தப் பதிவேட்டை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அது சாரங்கு அண்ணாச்சியின் குரல். கப்பலின் மேல்தளத்தில் வேலை செய்யும் மாலுமிகளுக்கு மேஸ்திரிதான் சாரங்கு. பெரியதாழைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி. உலகம் முழுக்க வியாபாரம் படுத்திருந்த நேரம். அவருடைய கப்பல் இங்கே நிலக்கரியை இறக்கியது. அடுத்து ஏற்றச் சரக்கு இல்லை. நம் நாட்டுக் கொடி பறந்த கப்பல்தான். வெளிக்கடலில் நிறுத்திவைக்கச் சொன்ன கம்பெனி, அதன்பிறகு போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டது. நங்கூரத்தைக் கவனிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் கப்பலை விட்டுவிட்டு இறங்க முடியாது. இறங்க வேண்டுமென்றால் மாற்று ஆள் வர வேண்டும். இந்த வாரம் வருகிறார், அடுத்த வாரம் வருகிறார் என்று கம்பெனி சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரே ஒருமுறை ஒரு மாற்று ஆள் வந்தபோது, அண்ணாச்சி தான் இறங்காமல், ஊரில் குழந்தை பிறந்திருந்த மாலுமி ஒருவனை இறக்கிவிட்டார்.

ஏழாவது மாதம், அரிசியும் தண்ணீரும் ஏற்றிப்போன லாஞ்சுப் படகில் சில கையெழுத்துகள் வாங்க நானும் போனேன். கடல் அன்று குளம் போல் கிடந்தது. ஏணியில் ஏறித் தளத்துக்குப் போனால், அண்ணாச்சி ஒரு இரும்புத் தூணுக்குப் பின்னால் வலது காலை மறைத்துக்கொண்டு நின்றார். சிரித்தபடி, "வா ஏளா, வெயில்ல ஏன் வந்த?" என்று மகளிடம் கேட்பது போலக் கேட்டார். காற்று என் பக்கம் திரும்பியபோதுதான் அந்த நாற்றம் வந்தது. கிழிந்துபோன சிக்னல் கொடி ஒன்றின் மஞ்சள் துணியால் பாதத்தைச் சுற்றியிருந்தார். துணி மஞ்சளாக இல்லை.

சர்க்கரை மாத்திரை தீர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. குடிதண்ணீரை அளந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். புண்ணைக் கழுவ உப்புத்தண்ணீர்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "தினமும் என்கிட்டதான பேசுதீக அண்ணாச்சி? ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சேனல்ல எல்லா கப்பக்காரனும் கேட்டுட்டு இருப்பான்லா. நம்ம கப்பல்ல தண்ணி இல்ல, மருந்து இல்லன்னு நாமளே சொல்லலாமா? கப்பலுக்குக் கேவலம் ஏளா."

கடலில் காலங்காலமாக இருக்கும் வழக்கம் அது. வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவராதது போலத் தன் கப்பலின் குறையைப் பொதுச் சேனலில் பேசமாட்டார்கள். கப்பல்காரர்களோடே பிழைப்பு நடத்தும் எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும், அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். என்னை விடுங்கள். மாலுமிகள் எப்படி இருக்கிறார்கள் என்று அதிகாரிகள் கேட்டபோதெல்லாம் கம்பெனி என் பதிவேட்டின் நகலைத்தான் காட்டியிருக்கிறது. எல்லாம் நலம் என்று என் கையெழுத்தே சாட்சி சொல்லியிருக்கிறது.

மாற்று ஆள் வராமல் இறங்கமாட்டேன் என்றவரோடு சண்டை போட்டு, அன்றே அதே லாஞ்சில் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கம்பெனி மேலாளருக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "போகட்டும்மா, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்றார். கால் என்ன தலைப்பாகையா? கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி எடுத்துக் கட்டிக்கொள்வதற்கு?

அடுத்த ஆண்டு இங்கே ஓட்டல் ஒன்றில் கூட்டம் நடந்தது. மந்தகாலத்தில் தேசியக் கப்பல் தொழிலின் எதிர்காலம் என்பது தலைப்பு. வாசலில் பெயர் அட்டை கொடுக்கும் வேலை எனக்கு. அந்த மேலாளரும் மேடையில் இருந்தார். நமக்குப் புதுக் கப்பல்கள் வேண்டும், சலுகைகள் வேண்டும், சந்தை திரும்பும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்றார். எங்கள் மாலுமிகள் ஒருநாளும் குறை சொன்னதில்லை என்று அவர் முடித்தபோது கைதட்டினார்கள். தாக்குப்பிடித்தது யார் என்று கேட்க வாசல் நாற்காலியிலிருந்து எழுந்தேன். எங்கள் முதலாளி பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அந்த நாற்காலியை நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

பெரியதாழைக்குப் போய்ப் பார்த்தால் அண்ணாச்சி இன்றும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார். அவர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. "சரக்கு இல்லன்னா கப்பல் சும்மா மெதக்கும். மனுசன் மெதப்பானா?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். அதையும் கொல்லைப்புறத்தில் வைத்து, யாருக்கும் கேட்காமல்தான் கேட்டார்.

இப்போது மறுபடி சந்தை படுத்திருக்கிறது. கரையிலிருந்து பார்த்தால் காலிக் கப்பல்கள் உயரமாக நிற்பது தெரிகிறது. எங்கள் கணக்கில் ஒன்று ஐந்து வாரமாக நிற்கிறது. இன்று காலை எட்டு மணிக்கு வாக்கிடாக்கி கரகரத்தது. "எல்லாம் சரியா இருக்கு மேடம், ஓவர்."

பதிவேட்டைத் திறக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன். "குடிக்கத் தண்ணி எத்தன நாளைக்கு இருக்கு? யாருக்கு என்ன மருந்து வேணும்? யாருக்காவது புண்ணு இருக்கா? ஒவ்வொண்ணா சொல்லுங்க, ஓவர்."

அந்தக் குரல் தணிந்தது. "மேடம், இது பொதுச் சேனல். எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும். அதுக்குத்தான் கேக்கேன், ஓவர்."

எதிரே முதலாளி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் வாக்கிடாக்கியைக் கீழே வைக்கவில்லை.

"தண்ணி நேத்தோட முடிஞ்சிட்டு மேடம்."

பதிவேட்டைத் திறந்து அதை அப்படியே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.