மக்தலேன் சிஸ்டரின் வேன்

புந்தோங் கன்னியர் மடத்து வாசலில் வேன் ஹாரன் அடித்தது. என் துறவறப் பொன்விழாத் திருப்பலிக்கு என்னை அழைத்துப்போக மடத்தின் இளம் கன்னியாஸ்திரி ஸ்டெல்லா வந்திருந்தாள். அந்தச் சத்தம் போதும், எனக்கு மறுபடியும் எட்டு வயது!

ரப்பர் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஹாரன் கேட்டால் லயத்து வீடுகளின் பிள்ளைகள் எல்லாரும் ஓடுவோம். மாதம் ஒருமுறை மருந்துப் பெட்டியோடு மக்தலேன் சிஸ்டர் வருவார், வேனைத் தாமே ஓட்டிக்கொண்டு. வண்டி ஓட்டும் பெண்ணை நாங்கள் வேறெங்கே கண்டோம்? ஒரு மழைநாளில் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த அப்பா, தோளிலிருந்த ஒட்டுப்பால் மூட்டையை, உறைந்த ரப்பர் துண்டுகளை, சக்கரத்தடியில் கொட்டினார். புளித்த ரப்பர் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"கிராணி பாத்தா ஏசுவாருலா!" என்று தோட்டத்துக் கணக்கருக்குப் பயந்து அம்மா பதறினாள்.

"ஏசட்டும். நீங்க மிதிங்க சிஸ்டர்!" என்றார் அப்பா.

ரப்பரைக் கவ்விக்கொண்டு வேன் துள்ளி ஏறியது. அப்பா தலைமுதல் கால்வரை சேறு. சிஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏறு புள்ள" என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஹாரனை அமுக்கச் சொன்னார். கடைசி லயம் தாண்டும்வரை நான் கையை எடுக்கவே இல்லை.

இறையழைத்தல் எப்படி வந்தது என்று இன்றைக்கும் கேட்பார்கள். வேறெப்படி? ஹாரன் அடித்துத்தான் வந்தது!

"சிஸ்டர், இன்னிக்கு உங்க விழா. பின்னால சொகுசா உட்காருங்க" என்றாள் ஸ்டெல்லா.

"என் விழாதானே? அப்ப சாவியக் குடு!"

சர்ச் வாசல் வரும்வரை நான் கையை எடுக்கவே இல்லை.