ஆள் இல்லாத இடம்

செமினியில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில், நகரத்துக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரப்போவதாகச் சொன்னார்கள். நிலம் அரசாங்கத்துடையது, கட்டி நடத்தப்போவது தனியார் கம்பெனி. விளக்கக் கூட்டத்தில் கம்பெனி சார்பில் பேசியவர் ஒரு தமிழர், பொறுமையான மனிதர். என் மகளுக்கு ஆஸ்துமா என்று எழுந்து சொன்னேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"ஆலையே வேணாம்னு சொல்லல சார். ஆள் இல்லாத இடமாப் பார்த்துக் கட்டுங்க."

கூட்டம் கைதட்டியது. சில மாதங்களில் திட்டம் வேறு இடத்துக்குப் போனது. தாமானில் எல்லோரும் சேர்ந்து பிரியாணி செய்து சாப்பிட்டோம்.

மறு வருஷம் அக்கா கூப்பிட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் காப்பார் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருக்கிறாள்.

"இங்க குப்பைய எரிச்சு கரண்ட் எடுக்கப் போறாங்களாம்டி. உங்க இடத்துல நீ பேசித்தானே நிறுத்தின? இங்கயும் வந்து பேசு லா."

மகளுக்கு டியூஷன் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "அவளையும் கூட்டிட்டு வா" என்றாள்.

பொது மண்டபத்தில் கூட்டம். அதே கம்பெனி அதிகாரி. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு சிரித்தார். திரையில் வரைபடத்தைக் காட்டி, "இந்தப் பக்கம் வீடுங்க ரொம்பக் கம்மி. மக்கள் கேட்டுக்கிட்டதாலதான் இடத்த மாத்தினோம்" என்றார். குத்திக்காட்டும் தொனியே இல்லை. அந்த வரைபடத்தில் அக்கா வீடு பச்சை நிறத்துக்குள் எங்கோ மறைந்திருந்தது.

அக்கா என் முழங்கையைத் தட்டினாள். எழுந்தேன். புகையை யார் சோதிப்பார்கள், கம்பெனியே சோதித்தால் எப்படி நம்புவது என்று கேட்டேன். அரசாங்க இலாகாவும் சோதிக்கும் என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே காருக்குப் பக்கத்தில் அக்கா கேட்டாள்: "வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லலையேடி?"

செமினியில் ஆள் இல்லாத இடமாகப் பார்க்கச் சொன்னது நான்தான் என்று சொன்னேன்.

"நான் ஒருத்தி இங்க இருக்கேன்னு அப்ப ஞாபகம் வரலையா?"

"வரலக்கா."

அதுதான் உண்மை. ஞாபகம் வந்திருந்தால் மட்டும் வேறு மாதிரி பேசியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆலை கட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் காப்பார்க்காரர்களின் குழுவில் சேர்ந்துகொண்டேன். புகையின் அளவை ஊரார் பார்க்கும்படி வாசலிலேயே திரையில் காட்ட வேண்டும் என்று கேட்டு வருகிறோம். "பார்க்கிறோம்" என்கிறது கம்பெனி. அக்கா அந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை. முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போவேன். நண்டுக் குழம்பு வைத்துக் காத்திருப்பாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடி" என்பாள். அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டை நீட்டுவேன்.