ஆளில்லாத காடு

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் வடபகுதியில், தங்கம் கிடைத்ததால் உண்டான ஊர் ஒன்றில் நானும் கணவரும் கலியாணமான புதிதில் சில வருடங்கள் இருந்தோம். சுரங்கத் தொழிலாளர் விடுதியில் அவருக்குச் சமையல் வேலை. பக்கத்து வீட்டில் ஒரு பூர்வகுடிப் பெண் இருந்தார். ஒருநாள் என்னைக் காரில் ஏற்றிப் போய், ஊர் எல்லையில் புல்லும் சரியாக முளைக்காத சாம்பல் நிற வெளியைக் காட்டினார். அது ஒரு காலத்தில் ஏரியாம். அவருடைய தகப்பன் அங்கே வலை போட்டவராம். கல்லை அரைத்துத் தங்கம் எடுத்தபின் மிஞ்சிய சேற்றைக் கொட்டிக் கொட்டியே அதை மூடிவிட்டார்கள்.

இப்போது நாங்கள் ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பகுதியில் இருக்கிறோம். எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. சென்ற வருடம், அந்த வடபகுதித் தங்க வேட்டையை நினைவுகூரும் கண்காட்சி ஒன்று ரொறன்ரோவில் நடந்தது. சுவரில் மாட்டும் விளக்கங்களைத் தமிழில் தரச் சொன்னார்கள். முதல் வரியிலேயே என் கை நின்றுவிட்டது. ஆளில்லாத காட்டைத் தங்கம் ஊராக்கியதாம்.

நான் திருகோணமலைப் பக்கத்தில் பிறந்தவள். எங்கள் வயல்களில் வெளியாட்களைக் குடியேற்றியபோதும் அதிகாரிகள் ஆளில்லாத காடு என்று இதையேதான் சொன்னார்கள்.

கண்காட்சியை ஒழுங்கு செய்த பிள்ளை இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. அவளுக்குப் போன் எடுத்தேன்.

"அங்க ஆக்கள் இருந்தவை, பிள்ளை. அவையின்ர ஏரியை மூடித்தான் உந்தத் தங்கம் எடுத்தது. எனக்குத் தெரியும்."

"ஐ நோ, அன்ரி. ஆனா டெக்ஸ்ட் எல்லாம் அப்ரூவ் ஆயிற்றுது. நீங்கள் ட்ரான்ஸ்லேட் மட்டும் பண்ணினாக் காணும்."

"அப்ப இங்கிலிஷிலயும் மாத்தச் சொல்லும்."

"அது என்ர கையில இல்லை, அன்ரி."

எத்தனை தரம் கேட்டும் அதே பதில்தான். கத்திச் சண்டை போட்டிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். அவளோ கடைசிவரை மரியாதையாகவே பேசினாள்.

கணவருக்கு அலுத்துவிட்டது. "இஞ்சேரும், உந்த வரியை எழுதிக் குடுத்திட்டு விடுமன். ஆர் வாசிக்கப் போகினம்?"

"நான் வாசிப்பன்," என்றேன்.

மற்ற எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, அந்த வரியை மட்டும் "மக்கள் வாழ்ந்த காட்டை" என்று மாற்றி அனுப்பினேன். ஏன் மாற்றினேன் என்பதையும் எழுதினேன். பதில் வரவில்லை.

திறப்பு விழாவுக்குப் போனபோதுதான் பதில் என்னவென்று தெரிந்தது. வாசலில் தமிழில் பெரிதாக 'வரவேற்கிறோம்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு வரிகூடத் தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் அந்தக் காடு ஆளில்லாமலே கிடந்தது. அந்தப் பிள்ளை தூரத்தில் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வயதான தமிழர் ஒருவர் என்னிடம் வந்து, "உதில என்ன எழுதிக் கிடக்கு, பிள்ளை?" என்று கேட்டார். எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன். பிறகு, அது பொய் என்றும் சொன்னேன். ஏரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

"ஓம், ஓம்," என்று பாதியிலேயே தலையாட்டினார். அவருடைய கண் தேநீர் மேசையில் இருந்தது. "அங்க வடையும் வைச்சிருக்கினம் போல," என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் நடந்தார். நான் பாதி சொன்ன கதையோடு அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன்.